மை, மைன், ஹிஸ்: நாம் போட்ட ஒரு பிழை

போன கிழமை தரம் 6 பிள்ளைகளின் இங்கிலீஷ் கொப்பி திருத்திக் கொண்டிருந்தோம். உங்கள் பாடசாலைப் பையைப் பற்றி இரண்டு வசனம் எழுதச் சொல்லியிருந்தோம். ஒரு பிள்ளை "திஸ் இஸ் மை நானா பேக். இட் இஸ் ஹிஸ்" என்று எழுதியிருந்தான். நாம் எதிர்பார்த்தது "மைன்". சிவப்புப் பேனையால் பிழை போட்டு விட்டோம்.

இந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுவதற்குக் காரணம் நமது பேச்சு. "இது என்ட பேக்" என்கிறோம், "இது என்ட" என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். இங்கிலீஷில் அப்படியில்லை. பின்னால் பொருளின் பெயர் வந்தால் மை, வராவிட்டால் மைன். யுவர், ஹேர், அவர், தெயர் எல்லாம் தனியே நிற்கும் போது கடைசியில் ஒரு எஸ் எடுக்கும். ஹிஸ் மட்டும் இரண்டு இடத்திலும் ஹிஸ்தான். எஸ்ஸுக்கு முன்னால் மேற்கமா போடக் கூடாது. (கடித முடிவில் "யுவர்ஸ் பெய்த்புலி" எழுதும் போது அந்தக் கமாவைப் போடும் பெரியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.) வீட்டில் சொல்லிக் கொடுக்கும் உம்மா வாப்பாமார் இவ்வளவையும் பிடித்துக் கொண்டால் போதும்.

கொப்பியைக் கொடுத்ததும் பிள்ளை மேசைக்கு வந்தான்.

"சேர், இது நானாட பேக். அவர் ஓஎல் எழுதிட்டு கடைல வேலைக்கு நிக்கிறார். அவர் பாவிச்சதத்தான் நான் கொண்டு வாறன்."

வசனத்தைத் திரும்பப் பார்த்தோம். நாம் பிழை போட்ட "இட் இஸ் ஹிஸ்" அட்சரம் பிசகாமல் சரி. உண்மையான பிழை முதல் வசனத்தில் இருந்தது. "நானா"வுக்குப் பின்னால் மேற்கமாவும் எஸ்ஸும் வர வேண்டும். அதை நாம் கவனிக்கவேயில்லை. கலாசாலையில் இரண்டு வருடம் படித்தது, பத்து வருடத்துக்கு மேல் படிப்பித்தது எல்லாம் அந்த நேரம் எங்கே போனதோ தெரியாது. நம் தலையில் இருந்த விடை வராததால் கை தானாகப் பிழை போட்டிருக்கிறது.

பிழையை வெட்டிச் சரி போட்டு, பக்கத்தில் கையொப்பமும் வைத்தோம். "நானாஸ் பேக்" என்று எழுதிக் காட்டினோம். கொப்பியைப் பைக்குள் வைத்து, சிப் வேலை செய்யாத இடத்தில் ஊசியைக் குத்திக் கொண்டு போனான்.

அடுத்த பயிற்சிக்கு நாம் எழுதி வைத்திருந்த தலைப்பு "மை பைசிக்கிள்". இன்னும் கரும்பலகையில் எழுதவில்லை.