தழும்பில் முளைக்கும் மயிர்

இல்லாத விலங்கொன்றுக்கு மயிர் வரைவது எளிது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். நாங்கள் என்றால், ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் கணவனும் மனைவியும். சங்கப் பாடல்களின் ஆளியையும் கோயில் தூண்களின் யாளியையும் இருபதாண்டுகளாய்ப் பாடம் சொல்லி வருகிறோம். யாளியின் பிடரிச் சுருள் ஏன் அப்படிச் சுருண்டது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் மகள் ஒரு கதைக்காக விலங்கொன்றைப் படைத்தாள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டில், மூடுபனிக்குள் வாழ்வது அது. பெயர் மட்டும் நாங்கள் தந்தோம்: மஞ்சுளை. மஞ்சு என்றால் மேகம், உளை என்றால் பிடரிமயிர்.

2001இல் வெளிவந்த மான்ஸ்டர்ஸ் இன்க் திரைப்படத்தில் சல்லி என்னும் நீலப் பூதத்திற்குக் கணிப்பொறியில் ஏறத்தாழ 23 இலட்சம் மயிரிழைகள் அமைத்தார்கள். எங்களிடம் இருந்தது ஓர் எச்பி பென்சில். ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டுக் காரணங்களைத் தேடினோம். மழைக்காட்டு விலங்கு என்பதால் உள்ளே குளிர் தாங்கும் அடர்ந்த குறுமயிர்; அதன் மேல் நீர் வழிந்தோட நீண்ட முரட்டு மயிர். அது எத்திசையில் படிய வேண்டும்? தென்னமெரிக்கக் காடுகளில் தலைகீழாய்த் தொங்கி வாழும் ஸ்லாத்துக்கு மயிர் வயிற்றிலிருந்து முதுகை நோக்கிப் படிகிறது. மழைநீர் எளிதில் வடிவதற்கு. மஞ்சுளை நான்கு காலில் நடப்பது. ஆதலால் அதற்கு முதுகிலிருந்து வயிற்றுக்கு. வயிறு வெளிறியிருக்கட்டும் என்றாள் மகள். அதுவும் சரியே. மேலிருந்து விழும் ஒளி வயிற்றில் நிழலை உண்டாக்கும். வெளிறிய நிறம் அந்நிழலைச் சமன்செய்ய, உருண்ட உடல் தட்டையாய்த் தோன்றிப் பகைவனின் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அடுத்தது வரியும் புள்ளியும். புலிக்குக் கொடுவரி என்றே பெயரிட்ட மொழி நம்முடையது. ஆயினும் அந்த வரி எப்படி விழுகிறது என்பதை 1952இல் ஆலன் டூரிங் எழுதிய கட்டுரையின் வழியாகத்தான் நாங்கள் அறிந்தோம். ஒன்றைத் தூண்டும் பொருளும் அதைத் தடுக்கும் பொருளும் வெவ்வேறு வேகத்தில் பரவினால், சீரான பரப்பிலும் தாமாகவே கோலங்கள் தோன்றலாம் என்றார் அவர். பின்னர் ஜேம்ஸ் மரே என்னும் கணிதவியலாளர் அதை விலங்குத் தோலுக்குப் பொருத்திப் பார்த்தார். வால் ஒடுங்கியிருப்பதால் அங்கே புள்ளிகள் இணைந்து வளையங்களாகிவிடும். புள்ளியுடலுக்கு வரிவால் அமையலாம். வரியுடலுக்குப் புள்ளிவால் அமைவதில்லை என்பது அவர் கண்ட முடிபு. சிறுத்தை வகைகளின் வால்நுனியைப் பார்த்தால் விளங்கும்.

மகள் வரியுடலுக்குப் புள்ளிவால் வரைந்திருந்தாள். சொன்னதும் வியந்து, தானே அழித்து வளையமிட்டாள். அந்த வெற்றி எங்களைக் கெடுத்தது. விலங்கின் இடத்தொடையில், வரிகளை அறுத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. இது எந்த விதியிலும் வராது என்று சொல்லி, அவள் கேட்பதற்கு முன்பே ரப்பரை எடுத்து நாங்களே அழித்துவிட்டோம்.

இரண்டு நாள் அந்த நோட்டு திறக்கப்படவில்லை. மூன்றாம் நாள் இரவு, சோறு பிசைந்தபடியே சொன்னாள்: "அது கோலம் இல்லப்பா. காயம். நம்ம செவலைக்கு இருந்துச்சே."

செவலை எங்கள் வீட்டுப் பூனை. முந்தைய ஐப்பசி மழையில் இறந்தது. நாய் கடித்த புண் ஆறியபோது அதன் தொடையில் மயிர் வெள்ளையாகவே முளைத்தது. நிறம் தரும் அணுக்கள் அழிந்த தோலில் அப்படித்தான் முளைக்கும். அந்தப் புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டியவர்கள் நாங்கள்தாம். ஆறு மாதத்தில் மறந்திருந்தோம்.

மன்னிப்புக் கேட்டு, மீண்டும் வரைந்துவிடச் சொன்னோம். அழித்த இடத்தில் தாள் தேய்ந்து சொரசொரத்திருந்தது; பென்சில் சரியாய்ப் படியவில்லை. "இருக்கட்டும்மா. தழும்பு இப்படித்தான இருக்கும்" என்று அப்படியே விட்டுவிட்டாள்.

விதிகளைக் கற்றதற்காக நாங்கள் வருந்தவில்லை. மஞ்சுளைக்கு வாலும் வயிறும் அவற்றால்தான் வாய்த்தன. ஆனால் விதிகள் சொல்வது ஓரினத்தின் தோலை. ஓருயிரின் தோலில் அது வாழ்ந்த வாழ்க்கையும் இருக்கிறது. கல்லூரி திறந்தபின் மாணவர்களின் கவிதைகள் திருத்த வந்தன. பொருந்தாத வரியொன்றின் மேல் சிவப்புப் பேனா சென்றது. அடிக்கவில்லை. ஓரத்தில் 'இது எங்கிருந்து வந்தது?' என்று மட்டும் எழுதினோம்.