இலவசமும் மானியமும்

2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அண்ணாமலை நகரிலிருந்து சிதம்பரம் மார்க்கெட்டுக்கு எனக்கு பஸ்தான். ஸ்கூட்டி வாசலில் தூங்குகிறது. பெட்ரோலும் மிச்சம், புகையும் மிச்சம்.

சோலாரில்தான் சிக்கல். மாடியில் 3 கிலோவாட் போட்டால் மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். “ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் மாநில அரசு சும்மா தருதே, கடன் எதுக்கு?” என்கிறார் வீட்டுக்காரர். இரண்டும் நல்ல திட்டம்தான். ஆனால் ஒன்று இன்னொன்றின் காலை வாருகிறது.

அதற்காக இலவசத்தை நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஃபேன் சுற்றுவதே அதில்தான். அந்த 100 யூனிட்டை பாட்டி வீட்டு மாடியிலேயே சோலாராகப் போட்டுக் கொடுத்தால் என்ன? அரை கிலோவாட் பலகை போதும். நம் மாவட்டத்து நெய்வேலியில் அந்த அளவுக்காவது பழுப்பு நிலக்கரி எரியாமல் இருக்கும்.