செவ்வரத்தையை வெட்டலாமா?

திருகோணமலையில செவ்வரத்தை இல்லாத வளவைத் தேடித்தான் பிடிக்க வேணும். அதனாலேயே அதை ஒருத்தரும் 'கார்டனிங்' கணக்கில சேர்க்கிறதில்லை. ஓர்கிட், அந்தூரியம் வைச்சிருக்கிறவைதான் பூக்கண்டு வளர்க்கிற ஆக்கள். செவ்வரத்தை சும்மா நிக்கும், காலமையில சாமிக்குப் பூ தரும், அவ்வளவுதான் எண்டு நினைப்பு. துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற எங்கட வளவில அது சும்மா நிக்கிறதில்லை. ஒவ்வொரு மாசமும் ஏதோ ஒண்டோட மல்லுக்கட்டிக்கொண்டுதான் நிக்குது.

முதல் எதிரி கச்சான் காத்து. மேற்கில மழையைக் கொட்டிப்போட்டு ஈரமில்லாமல் இங்க வருகிற காத்து அது. மே மாசத்தில இருந்து மண்ணைக் காயப்போடும். கிணத்துத் தண்ணியும் உவர் தட்டத் தொடங்கும், இலை விளிம்பு கருகும். அப்ப தினமும் கொஞ்சம் கொஞ்சமாய்த் தெளிச்சால் உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். நாங்கள் ரெண்டு மூண்டு நாளுக்கு ஒருக்கால், பின்னேரத்தில, வேருக்கு இறங்கிற மாதிரி நிறைய ஊத்துறம். அடியில சருகும் பொச்சுமட்டையும் பரப்பினால் ஈரம் நிக்கும்.

அடுத்தது மான். பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து டவுனுக்குள்ள வருகிற புள்ளிமான்கள் படம் எடுக்கிறவைக்கு வடிவு. எங்களுக்கு, படலை திறந்து கிடந்தால் ஒரே ராத்திரியில செடி எட்டின உயரம் மட்டும் மொட்டை.

மூண்டாவது, பஞ்சுமாதிரி ஒட்டுகிற மாப்பூச்சி. எறும்பு வரிசையாய் ஏறினால் கவனியுங்கோ. பூச்சி விடுகிற இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். தண்ணியைப் பீச்சியடிச்சுக் கழுவிப்போட்டு, சவர்க்காரத் தண்ணியில வேப்பெண்ணெய் கலந்து இலையின்ர அடிப்பக்கம் அடிக்கிறம்.

இதெல்லாத்தையும் விடப் பெரிய பிரச்சினை, அம்மம்மா. அவ செடியில கத்தி வைக்க விடமாட்டா.

காரணம் பக்தி இல்லை. அந்தச் செடி சம்பூரில இருந்து வந்தது. பெரியம்மா கலியாணம் கட்டி டவுனுக்கு வரேக்க, ஈரச்சாக்கில சுத்தி, மூதூர் லோஞ்சில கொண்டு வந்த தடி. பிறகு 2006இல் சம்பூர்ச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. காணிகள் திரும்பக் கிடைக்க 2015, 2016 ஆச்சு. போய்ப் பார்த்தால் வீடும் இல்லை, வேலியும் இல்லை. கிணத்துக்கட்டை வைச்சுத்தான் எங்கட வளவைப் பிடிச்சம். அந்த வளவில இருந்த உயிருகளில மிஞ்சினது டவுனில நிக்கிற இந்தச் செவ்வரத்தை மட்டும்தான்.

வெட்டாமல் விட்டதால அது கூரை மட்டும் நெடுத்து, நுனியில நாலு பூவோட நிண்டுது. கனடாவில இருக்கிற சித்தி தன்ர முத்தத்து எல்டர்பெரிச் செடியைப் பற்றிச் சொன்னா. கறுத்த ஊதா இலை, லேஸ் மாதிரி. குளிர் முடியேக்க அதை ஒட்ட வெட்டினால் இலை நல்ல வடிவாய் வருமாம். ஆனால் போன வருசத்துக் கொப்பிலதான் அது பூக்கும் எண்டபடியால் அந்த வருசம் பூ இல்லை. செவ்வரத்தை மறுவளம். புதுத் துளிரிலதான் பூ. வெட்டினால்தான் துளிர்.

இதைச் சொல்லியும் அம்மம்மா அசையேல்லை. "வெட்டிற கொப்பு குப்பைக்குப் போறதெண்டால் தொடவேண்டாம்" எண்டா.

அதுதான் வழி காட்டினது. பென்சில் மொத்தத்தில, ஒரு சாண் நீளத்தில, கணுவுக்குக் கீழ சரிச்சு வெட்டின பத்துத் தடி. மேல ரெண்டு இலை மட்டும் விட்டு, மணலும் உக்கின மாட்டெருவும் கலந்த பையில, நிழலில வைச்சம். ஒரு மாசத்தில ஆறு வேர் விட்டுது.

செவ்வரத்தையின்ர சொந்தக் காடு எது எண்டு தாவரவியலாளருக்கே நிச்சயமில்லை. மலேசியா 1960இல் அதைத் தேசியப் பூவாக்கினது, ஆனால் அங்கயும் அது கொண்டு வந்து வைச்ச செடிதான். எங்கட அடுக்குச் செவ்வரத்தை விதை வைக்கிறதில்லை, தடியாலதான் பெருகும். அப்படி முளைக்கிறதைப் பிள்ளை எண்டு சொல்லேலாது. அதே செடிதான், இன்னொரு இடத்தில.

ஆறையும் மாரி தொடங்கக் கிண்ணியாப் பாலத்தால கொண்டுபோய்ச் சம்பூர்க் கிணத்தடியில நட்டம். கட்டாக்காலி மாடு ரெண்டைத் திண்டுட்டுது. நாலு தப்பினது. டவுன் செடியும் இப்ப இடுப்பளவில அடர்ந்து பூக்குது. ஒவ்வொரு வருசமும் மாரிக்கு முதல் கத்தியைத் தீட்டித் தாறது அம்மம்மாதான்.