பிரிண்டருக்கும் ஒரு துபாஷி

பிரிண்டர் நின்றுவிட்டால் நம் ஊரில் எல்லாருக்கும் ஒரே சொல்தான்: ரோசாக். உடைந்ததும் ரோசாக், தேய்ந்ததும் ரோசாக், எரிந்துபோனதும் ரோசாக். உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், கணினி பேசுவது புரியாமல் நிற்கும் பிரிண்டரையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறோம். அந்தக் கடைசி வகைக்காக யாரும் காசு கொடுத்துப் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய மடிக்கணினிகளில் சிலர் லினக்ஸ் போட்டுக்கொள்கிறார்கள். கணினி பிழைத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருக்கும் பழைய பிரிண்டர் பிழைக்குமா என்பதுதான் கேள்வி.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஜார்ஜ்டவுனில் டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் ஒரு மாடியறையில், சனிக்கிழமை காலையில் எஸ்.பி.எம். மாணவர்களுக்குத் தமிழும் இலக்கியமும் சொல்லிக்கொடுக்கிறேன். மொத்தம் 14 பேர். கட்டணம் கிடையாது. ஆளுக்கு 12 பக்கம் பயிற்சித்தாள். போட்டோஸ்டேட் கடையில் பக்கத்துக்கு 10 காசு என்றால் வாரத்துக்கு 16 ரிங்கிட் 80 காசு, 40 வாரத்துக்கு 672 ரிங்கிட். அதனால்தான் 2011இல் வாங்கிய சின்ன லேசர் பிரிண்டரை விடாமல் வைத்திருக்கிறேன். வகுப்புக் கையிருப்பு 310 ரிங்கிட். பாலேக் பூலாவிலிருந்து வரும் ஐந்து பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டணம் அதிலிருந்துதான் போகிறது. புதுப் பிரிண்டர் வாங்கினால் அந்தப் பணம் போய்விடும்.

என் மடிக்கணினியில் பல ஆண்டுகளாக லினக்ஸ்தான். பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கப்போவதால், ஒரு வியாழன் இரவு புதிய பதிப்புக்கு மாற்றினேன். எல்லாம் நன்றாகவே வந்தது. தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகை, பழைய கோப்புகள் எதிலும் குறையில்லை. வெள்ளிக்கிழமை மாலை பயிற்சித்தாளை அச்சுக்கு அனுப்பினேன். பிரிண்டர் அசையவில்லை.

தெரிந்த கடைக்காரருக்குப் போன் போட்டேன். "சுடா லாமா லா, சிக்கு. பெலி பாரு" என்றார். பழசாகிவிட்டது, புதுசு வாங்குங்கள் என்று அர்த்தம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 14 வயதான பிரிண்டரைப் பழுது பார்க்கும் கூலி அதன் விலையைவிட அதிகமாகிவிடும்.

மேசைப் பக்கத்தில் உட்கார்ந்து தாள் அடுக்க வந்திருந்த ஐந்தாம் படிவ மாணவி கேட்டாள்: "சார், நேத்து நல்லாதானே இருந்துச்சு? ஒரு ராத்திரியில எப்படி பழசாகும்?"

நியாயமான கேள்வி. பழுது தேடும் வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பிரிண்டரில் நேற்றிலிருந்து இன்றைக்குள் எதுவும் மாறவில்லை. மாறியது கணினி மட்டுமே. இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்துவிடுவது நல்லது.

முதலில் பிரிண்டரைத் தனியாகச் சோதிக்க வேண்டும். கேபிளைக் கழற்றிவிட்டு அதன் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால், பல பிரிண்டர்கள் தாமே ஒரு சோதனைப் பக்கத்தை அச்சிடும். எங்களுடையதும் அச்சிட்டது. ஆக டோனர், உருளை, மோட்டார் எல்லாம் சரி.

இரண்டாவது, கேபிள். லினக்ஸில் 'எல்எஸ்யூஎஸ்பி' என்று தட்டினால் யூஎஸ்பியில் செருகப்பட்டவற்றின் பட்டியல் வரும். அதில் பிரிண்டரின் பெயர் இருந்தது. கேபிளும் சரி.

மூன்றாவது, வரிசை. லினக்ஸில் அச்சு வேலையை நடத்துவது கப்ஸ் என்ற மென்பொருள். பிரௌசரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று போட்டு, முக்காற்புள்ளி வைத்து, 631 என்று சேர்த்தால் அதன் பக்கம் திறக்கும். அங்கே எங்கள் பிரிண்டரின் வரிசை நிறுத்தப்பட்டிருந்தது. மீண்டும் தொடக்கினால் அடுத்த தாளிலேயே நின்றது. பக்கத்தில் 'ஃபில்ட்டர் ஃபெயில்ட்' என்ற குறிப்பு. வெறுமனே நின்றுபோன வரிசை என்றால் தொடக்கியதும் ஓடும். தொடக்கத் தொடக்க நின்றால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

நான்காவது, கப்ஸ் எழுதிவைக்கும் பிழைக் குறிப்பேடு. மாணவி வரி வரியாக வாசித்தாள். பிரிண்டர் நிறுவனம் தரும் துணைநிரல் ஒன்று புதிய டிரைவரோடு பொருந்தவில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது.

இதை அவளுக்கு விளக்க நான் துபாஷியைத் துணைக்கு அழைத்தேன். கம்பெனிக் காலத்தில் துரைக்கும் ஊராருக்கும் நடுவே நின்று இரண்டு மொழியும் பேசியவர் துபாஷி. புதுச்சேரியில் டூப்ளேயிடம் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை இலக்கிய மாணவர்களுக்குத் தெரியும். கணினி ஒரு பக்கத்தைப் பிடிஎஃப் ஆக அனுப்புகிறது. மலிவான பழைய லேசர் பிரிண்டருக்கு அது புரியாது. எந்தப் புள்ளி கறுப்பு, எந்தப் புள்ளி வெள்ளை என்று அதன் சொந்த மொழியில் சொல்ல வேண்டும். அப்படி மாற்றிச் சொல்வதுதான் டிரைவர். எங்கள் டிரைவரில் ஒரு பகுதி எல்லாரும் பார்க்கக்கூடிய திறந்த நிரல். இன்னொரு பகுதி நிறுவனம் பூட்டிவைத்த துணைநிரல். இரண்டின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கணினியைப் புதுப்பித்தபோது திறந்த பகுதியும் சேர்ந்து புதிதானது. பூட்டிய பகுதி பழைய எண்ணோடு நின்றுவிட்டது. துபாஷி பழைய துரை கொடுத்த சீட்டோடு வந்து நிற்க, புதிய துரையின் காவல்காரர் உள்ளே விடவில்லை.

மருந்து சின்னதுதான். புதிய எண்ணுக்குரிய துணைநிரலை அந்த நிறுவனத்தின் சொந்தக் கட்டளை கொண்டே இறக்கி, நிபந்தனைகளுக்குச் சம்மதம் கொடுத்து, பழைய வரிசையை அழித்துவிட்டுப் பிரிண்டரை மறுபடி சேர்த்தோம். கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம், சரிசெய்ய ஐந்து நிமிடம். 168 பக்கமும் அன்றிரவே அச்சாகிவிட்டன.

ஆனாலும் ஒரு நெருடல். நாளைக்கு அந்த நிறுவனம் இந்த மாடலுக்குத் துணைநிரல் தருவதை நிறுத்திவிட்டால்? பூட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. நல்ல உடம்போடு இருக்கும் பிரிண்டர் அன்றைக்கு நிஜமாகவே ரோசாக் ஆகிவிடும்.

இந்த நெருடலுக்கு வயது நாற்பதுக்கு மேல். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை செய்துகொண்டிருந்தார். பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால், அச்சுக்குக் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி நிரலைத் திருத்தி வைத்திருந்தார். பிறகு ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் பிரிண்டர் வந்தது. அதன் நிரல் பூட்டியே வந்ததால் அதே வசதியைச் செய்ய முடியவில்லை. நிரலை வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழகத்துக்காரரிடம் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், பின்னர் குனூவின் கருவிகளோடு சேர்ந்துதான் முழு இயங்குதளமானது.

நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999இல் வெளிவந்த கப்ஸை ஆப்பிளும் தன் மேக் கணினிகளில் எடுத்துக்கொண்டது. 2010இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏர்பிரிண்ட்டும், அதைப் போன்ற 'ஐபிபி எவ்ரிவேர்' என்ற பொது விதியும் தனி டிரைவர் வேண்டாம் என்கின்றன. பிரிண்டரே பொதுமொழி பேசக் கற்றுக்கொண்டுவிட்டதால் துபாஷிக்கு வேலையில்லை.

ஆகவே அடுத்த முறை பிரிண்டர் வாங்கப் போகும்போது, விலையையும் டோனரையும் கேட்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: இதில் ஏர்பிரிண்ட் இருக்கிறதா? ஐபோன் உங்களிடம் இல்லாவிட்டாலும் கேளுங்கள். அது இருந்தால் லினக்ஸிலும் தனி டிரைவர் இல்லாமல் அச்சிட வழி இருக்கும். பழைய பிரிண்டர் வைத்திருப்பவர்கள், கணினியைப் புதுப்பிக்கும் முன் மாடல் பெயரையும், துணைநிரல் தேவையா என்பதையும் ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அச்சு வேலை இருந்தால் புதுப்பித்தலை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் பிரிண்டர் எழவில்லை என்றால் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ 110 என்ற தனி வகை. அதற்கென்று இருக்கும் சேகரிப்பு இடத்தில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால், கேபிளைக் கழற்றிவிட்டு அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சோதனைப் பக்கம் வெளியே வந்தால் பிரிண்டரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, கணினிப் பக்கம் திரும்புங்கள்.