கல்லாறு தாண்டி மலையேறும் புகைவண்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்திற்கு இரும்புப் பாதை வழியாக ஏறத்தாழ 46 கிலோமீட்டர். இத்தூரத்தைக் கடக்க மலைப் புகைவண்டிக்கு ஐந்து மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. சாலை வழியே சென்றால் அதில் பாதி நேரம் போதும். அப்படியிருக்க, இவ்வண்டியில் ஓர் இருக்கை பெறுவதற்கு மக்கள் பல வாரங்களுக்கு முன்பே முயல்வானேன்? இயற்கை அழகைக் காண்பதற்கு என்பர் பலர். உண்மைதான், ஆயினும் முழு உண்மையன்று. பேருந்தில் செல்வோரும் அதே மலையைத்தான் காண்கின்றனர். இவ்வண்டியில் செல்வோர்க்கு மட்டும் காணக் கிடைப்பது, ஒரு பளுவை மலைமேல் ஏற்றவும் இறக்கவும் மனிதர் மேற்கொள்ளும் உழைப்பு. அது இங்கே மறைக்கப்படவில்லை.

இப்பாதை எளிதில் உருவானதன்று. 1854-ஆம் ஆண்டிலேயே இதற்கான எண்ணம் தோன்றிவிட்டது. வேலை தொடங்கியதோ 1891-இல். குன்னூர் வரை 1899-இலும், உதகை வரை 1908-இலும் வண்டி ஓடலாயிற்று. எண்ணம் தோன்றியபோது குழந்தையாயிருந்தவர், அது முற்றுப்பெற்றபோது ஐம்பதைக் கடந்திருப்பார்! 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள் என்று கணக்கிட்டுச் சொல்கின்றனர். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி 2,203 மீட்டரில் சென்று நிற்கிறது.

பெப்ரவரித் திங்களில் ஒரு நாள், காலை ஏழு மணி கடந்த சிறிது நேரத்தில் நாம் புறப்பட்டோம். பனிக்காலத்தின் இறுதி இப்பயணத்திற்கு உகந்தது. வடகிழக்குப் பருவமழை மிகுந்தால் மண்ணும் பாறையும் சரிந்து பாதை மூடப்படுவதுண்டு. மழைக்காலத்தில் செல்ல விரும்புவோர் முன்னரே விசாரித்துக்கொள்வது நலம். எஞ்சின் வண்டியின் பின்னால் இணைக்கப்பட்டிருப்பதைக் கண்டு, நம்முடன் வந்த சிறுவன் ஒருவன், "வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டார்களா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இங்கு எஞ்சின் எப்போதும் பள்ளத்தின் பக்கமே இருக்கும். ஏறும்போது பெட்டிகளைப் பின்னிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னின்று தாங்கும்.

கல்லாறு வரை பாதை சமவெளி. பாக்குத் தோப்புகளைக் கடந்தபின் மலை குறுக்கே நிற்கிறது. அங்கே தண்டவாளங்களுக்கு நடுவில் பற்களுடைய இரு இரும்புச் சட்டங்கள் தொடங்குகின்றன. ரோமன் ஆப்ட் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் வகுத்த முறை இது. ஒரு சட்டத்தின் பல் இருக்குமிடத்தில் மற்றதன் இடைவெளி இருக்கும். ஆகவே எஞ்சினின் பற்சக்கரம் எக்கணமும் பிடியின்றி நிற்பதில்லை. பன்னிரண்டரை அடி சென்றால் ஓரடி உயரும் ஏற்றத்தில் வழவழப்பான சக்கரம் மட்டும் என்ன செய்யும்? எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். கீழிரண்டும் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். அங்கு ஒருமுறை உழைத்து வெளியேறும் நீராவியே மேலிரண்டிற்கும் சென்று பற்சக்கரங்களைச் சுழற்றும். சமவெளியில் கீழிரண்டு மட்டுமே வேலை செய்வதால், கல்லாற்றில் ஏற்றம் தொடங்கியதும் ஓசையே மாறிவிடுகிறது. வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரை மிஞ்சுவதில்லை.

எல்லாரும் அருவிகளையும் ஆழ்ந்த பள்ளத்தாக்கையும் நோக்கியிருக்க, நம் கண்கள் பெட்டிகளின் முகப்பு மேடையில் நின்ற பிரேக்ஸ்மேன்களின்மீதே சென்றன. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருவர் உண்டு. வண்டியைத் தள்ளும் ஓட்டுநருக்கு முன்னுள்ள பாதை தெரியாது. முதற்பெட்டியில் நிற்பவர் வழியை நோக்கிக் கொடி காட்டுகிறார். பின்னுள்ளவர்கள் அதைக் கைமாற்றுகின்றனர். ஓட்டுநர் ஊதலால் விடையளிக்கிறார். குகையின் இருளில் பயணிகள் கூச்சலிட்டு மகிழ்கின்றனர். அவ்வேளையிலும் அம்மனிதரின் கை பிரேக்கை விட்டு அகலுவதில்லை. குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இவர்களைச் சுட்டிக் காட்ட வேண்டுகிறோம்.

ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் நீரருந்துகிறது. பயணிகள் இறங்கிக் கால்களை நீட்டிக்கொள்கின்றனர். குரங்குகள் அதற்காகவே காத்திருக்கின்றன. தின்பண்டப் பொட்டலங்கள் பத்திரம்!

குன்னூரில் பற்சட்டம் முடிவடைகிறது. அதற்குமேல் டீசல் எஞ்சின். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நிலையங்கள் விரைந்து கடக்கின்றன. 'மூன்றாம் பிறை' படத்தின் இறுதிக் காட்சியைப் பார்த்தவர்கள் கேத்தி நிலையத்தில் தலையை நீட்டிப் பார்க்கின்றனர். தைல மரங்களும் தேயிலையும் அழகே; ஆயினும் நீராவியின் மூச்சு நின்றபின் பயணத்தின் சுவை சற்றுக் குறைந்ததென்றே சொல்வோம்.

2005-இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. டார்ஜிலிங் பாதை 1999-இலேயே அப்பெருமையைப் பெற்றிருந்தது. இங்கு ஓடிய எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. அவை தளர்ந்தபோது என்ன செய்வது? திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2011 முதல் எண்ணெயில் இயங்கும் புதிய எஞ்சின்களைச் செய்தனர்; 2021-இல் நிலக்கரி எஞ்சின் ஒன்றையும் செய்து முடித்தனர். "புதிதாகச் செய்ததைப் பாரம்பரியம் என்பதா?" என்று உடன் வந்த அன்பர் ஒருவர் முகம் சுளித்தார். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பழைய எஞ்சினை வண்ணம் பூசி நிலைய வாயிலில் நிறுத்துவது எளிது; அது எவருக்கும் எதையும் கற்பிக்காது. டீசலும் மின்சாரமும் வந்துவிட்ட காலத்தில், கொதிகலனையும் பற்சக்கரத்தையும் மறுபடி உருவாக்கத் தெரிந்த கைகள் நம் நாட்டில் இருக்கின்றன. அக்கைகள் ஓய்ந்திருந்தால், விண்டர்தூர் இரும்பு எத்தனை பளபளத்தாலும் வண்டி கல்லாற்றைத் தாண்டியிராது.

இறங்கும் பயணத்தையும் தவறவிடலாகாது. பலர் ஏறும்போது மட்டும் வண்டியில் சென்று, திரும்புகையில் பேருந்தைப் பிடிக்கின்றனர். உண்மையில் இறக்கமே கடினமான பணி. எஞ்சினின் சிலிண்டர்களில் காற்று அமுக்கப்பட்டு அதுவே தடையாகிறது; ஊதல் ஒலிக்குத் தக்கபடி ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் இறுகியும் தளர்ந்தும் வருகிறது. மாலையில் மேட்டுப்பாளையத்தில் வண்டி நின்றதும் பயணிகள் கோவைப் பேருந்தை நோக்கி ஓடினர். நம் பெட்டியின் பிரேக்ஸ்மேன் இறங்கி, கைகளை உதறிக்கொண்டு, சக்கரங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார்.