பர்லியாறும் ஒரு பழைய காரும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் செல்லும் மலைப் பாதையில் நீங்கள் பிரயாணம் செய்ததுண்டா? உண்டானால் இந்தக் காட்சியைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்.

கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளின் குளிர்ச்சி பின்னால் போய்விடுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பமாகின்றன. காதை அடைக்கிறது, குழந்தைகள் குதூகலிக்கிறார்கள். இதோ பர்லியாறு! டீக்கடைகள், பழக்கடைகள், எந்தப் பையில் பழம் இருக்கிறது என்று நோட்டம் பார்க்கும் குரங்குப் பட்டாளம். இத்தனைக்கும் நடுவில், சாலையோரம் ஒரு பழைய கார் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அதன் மூக்கிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்புகிறது. பக்கத்தில் ஒரு குடும்பம், ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு!

“மலை ஏற்றம் அப்படி! வண்டி என்ன செய்யும்?” என்கிறார் குடும்பத் தலைவர்.

பாவம், மலையின் மேல் பழியைப் போடாதீர்கள். சமதரையில் நடக்கும்போது தெரியாத மூச்சிரைப்பு மாடிப்படி ஏறினால் தெரிகிறதல்லவா? அதற்காக மாடிப்படியா வியாதி? மலை ஒரு நல்ல வைத்தியர். ஊரிலே ஒளிந்திருந்த கோளாற்றைப் பர்லியாற்றில் வெளியே கொண்டுவந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். பெட்ரோல் எரிந்து உண்டாகும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர்தான் சுமந்து செல்கிறது. எஞ்சினைச் சுற்றியுள்ள அறைகளில் ஓடிச் சூடேறிய தண்ணீர், முன்னாலுள்ள ரேடியேட்டரின் மேல் தொட்டிக்கு வந்து, மெல்லிய குழாய்கள் வழியே இறங்கி, காற்றுப்பட்டு ஆறி, மறுபடி எஞ்சினுக்குள் போகிறது. மலையில் எஞ்சின் முழுப் பலத்தோடு உழைக்கிறது. வண்டியோ மெதுவாகப் போவதால் எதிர்க்காற்று குறைவு. போதாக்குறைக்கு, மேலே போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரி சென்டிகிரேடுக்கு அருகில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 1850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதைச் சமாளிக்கத்தான் ரேடியேட்டர் மூடி, உங்கள் பிரஷர் குக்கரைப் போல, அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. ஆரோக்கியமான வண்டிக்கு இதுவே போதும். உள்ளே அடைப்பு இருந்தால்தான் பர்லியாற்றில் பஞ்சாயத்து!

அந்த அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் கதையைச் சொன்னால் விளங்கும். அவருடையது 1984-ல் கணவர் வாங்கிய அம்பாஸடர். கணவர் காலமான பிறகு, அவர் கற்றுக்கொடுத்தபடியே தாமே ஓட்டிக்கொண்டு வருஷா வருஷம் குன்னூரிலுள்ள மகள் வீட்டுக்குப் போய் வருவார். இரண்டு வருஷமாக வண்டி பர்லியாற்றைத் தாண்ட மறுத்தது. ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். இன்னொன்றில், “எஞ்சின் போச்சும்மா, பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்” என்றார்கள். பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். ஆசிரியை ஒன்றும் பேசவில்லை. மேட்டுப்பாளையத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு வண்டியை அங்கே ஓட்டிச் சென்றார். நானும் உடன் போயிருந்தேன்.

மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி: “ஏனுங்க டீச்சர், வண்டி தண்ணியைக் குடிக்குதுங்களா, கக்குதுங்களா?”

எவ்வளவு அர்த்தமுள்ள கேள்வி! வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் தண்ணீர் குறைந்தால், எஞ்சினுக்குள்ளேயே எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கொதித்துக் கக்கினால், பெரும்பாலும் ஓட்டம் தடைப்படுகிறது என்று அர்த்தம்.

“கக்குகிறது” என்றார் ஆசிரியை.

“அப்ப நாளைக்குக் காலையில வண்டி ஆறின பின்னாடிப் பாத்துக்கலாமுங்க” என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் பரிசோதனை ஆரம்பமாயிற்று. முதலில் வெளிப்புறம்: ரேடியேட்டரின் இதழ்களுக்கு நடுவே பூச்சியும் சேறும் அடைத்திருக்கிறதா, ஃபேன் பெல்ட் தொய்ந்திருக்கிறதா? இல்லை. அடுத்து, ஆறிய வண்டியின் மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டார். விடாமல் குமிழிகள் வந்தால் ஹெட் காஸ்கெட்டில் ஓட்டை என்று சந்தேகிக்கலாம். குமிழி இல்லை. ஆனால் தண்ணீர் சூடானதும் எஞ்சினை முடுக்கினார். தண்ணீர் மேலெழுந்து வாய் வழியே வழிந்தது. பம்ப் தள்ளுகிற தண்ணீரைக் கீழே இறக்க ரேடியேட்டர் குழாய்களுக்குச் சக்தியில்லை! கீழ் ஹோஸும் அதே சமயம் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிவிட்டது.

பிறகு எஞ்சினை நிறுத்தி, “தொட்டுப் பாருங்க” என்றார். ரேடியேட்டரின் மேல்புறம் நல்ல சூடு. கீழே வரவரச் சூடு சீராகக் குறைய வேண்டும். இங்கோ இடது பக்கம் சூடு, நடுவில் வெதுவெதுப்பு, வலது மூலையில் சில்லென்று இருந்தது. சில்லென்ற இடத்துக்குத் தண்ணீரே போகவில்லை. அடைப்பு அங்கேதான். இந்நாளில் எட்ட நின்றே சூட்டை அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. இருந்தாலும் அன்று அந்தப் புறங்கையே போதுமானதாக இருந்தது.

கடைசியாக, எஞ்சின் பிளாக்கின் பக்கத்திலுள்ள வடிகுழாயைத் திறந்தார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கம்பியால் குத்தினார். பழைய காப்பி டிகாக்ஷன் மாதிரி துருவும் சேறும் இறங்கின. கூடவே வெள்ளைச் செதில்கள்.

ஆசிரியை ஒரு செதிலை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். “இது எங்கள் வீட்டு வெந்நீர்த் தவலையில் படிகிற உப்பு அல்லவா?” என்றார்.

அதேதான்! ஆழ்துளைக் கிணற்றின் கடினத் தண்ணீரைச் சூடாக்கினால் சுண்ணாம்பு படியும். படிந்த சுண்ணாம்பு, குழாயை அடைப்பது மட்டுமல்ல, உலோகத்திலிருந்து சூடு தண்ணீருக்கு இறங்காமலும் தடுக்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறோம். ஊற்ற ஊற்ற அடைகிறது. அடைய அடையக் கொதிக்கிறது. வண்டியைக் காப்பாற்றுவதாக நினைத்து ஊற்றிய ஒவ்வொரு குடமும் அதன் ரத்தக் குழாயில் ஒரு பூச்சுப் பூசியிருக்கிறது.

“எஞ்சினுக்கு ஒண்ணும் கேடில்லீங்க. அடைச்சுக் கிடக்குது, அவ்வளவுதான்” என்றார் மெக்கானிக். ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பித்தளை ரேடியேட்டர் என்பதால் சிகிச்சை சாத்தியமாயிற்று. ஈயப் பற்றை இளக்கி மேல் தொட்டியைக் கழற்றி, குழாய் குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைத்தார்கள். பிளாக்கில் தண்ணீரை எதிர்த் திசையில் பாய்ச்சித் தெளிவாக வரும்வரை கழுவினார்கள். மூடியும் ஹோஸும் புதிதாயின.

தெர்மோஸ்டாட் பரீட்சையை மட்டும் ஆசிரியை தம் சமையலறையில் தாமே நடத்தினார். நீங்களும் செய்யலாம். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிடுங்கள். கூடவே, கொதிநீரைத் தாங்கும் வெப்பமானி ஒன்று. தெர்மோஸ்டாட்டின் மேல் 82 என்று பொறித்திருந்தால், அந்தச் சூட்டை ஒட்டி அது கண் திறக்க வேண்டும். கொதித்தும் திறக்காவிட்டால் மாற்றிவிடுங்கள். திறந்தபடியே இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். அது இல்லாமலே ஓட்டினால் சமதரையில் எஞ்சின் சரியாகச் சூடேறாது. பெட்ரோல் செலவும் தேய்மானமும் அதிகம். அடைப்புக்கு அது மருந்தும் ஆகாது.

அடுத்த வாரம் மலை ஏறினோம். பர்லியாறு வந்தது. முள் நடுவிலேயே நின்றது. “ஒரு டீ சாப்பிடலாமா?” என்று கேட்டேன். “வண்டிக்கு வேண்டாம். நமக்கு வேண்டுமானால் நிறுத்துகிறேன்” என்றார் ஆசிரியை! டீ குடிக்கையில், எதிர்ச் சரிவிலிருந்து மலை ரயிலின் ஊதல் கேட்டது. 1899-ல் குன்னூருக்கு வந்த அந்த ரயிலின் நீராவி எஞ்சின் வழி நிலையங்களில் நின்று நின்று தண்ணீர் குடிக்கும். அதற்கு அது ஆகாரம். நம் காருக்கு அப்படிக் குடிக்க வேண்டிய அவசியமே இருக்கக்கூடாது.

உங்கள் வீட்டிலும் பழைய கார் இருந்தால், மலைக்குக் கிளம்புமுன் இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டருக்குக் காய்ச்சி வடித்த நீரும், வண்டிக்கு ஏற்ற கூலண்டும் ஊற்றுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், உபரித் தண்ணீரை எவர்சில்வர் கேனில் எடுத்துச் செல்லுங்கள். முள் ஏறினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்; வெடித்துச் சீறும் ஆவி முகத்தைப் பொசுக்கிவிடும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் இரும்பே விரிசல் விடும். அரை மணி, முக்கால் மணி பொறுத்திருங்கள். பிறகு கனத்த துணியைப் போட்டு, மூடியை முதல் நிலை வரை மட்டும் திருப்பி, ஆவி முழுதும் அடங்கியபின் திறவுங்கள்.

யாராவது, “எஞ்சின் போச்சு, விற்றுவிடு” என்றால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். “குடிக்கிறதா, கக்குகிறதா?” என்று முதலில் கேளுங்கள்.