மேலும் கீழும் ஒரே கணக்கு

1993இல் சுவிஸின் கிறவுபுண்டன் மாநிலத்து மலைக் கிராமமொன்றில், ஒரு றெஸ்ரோறண்ட் குசினியில் நாங்கள் மூன்று பேர் வேலை செய்தோம். அங்கே செப்ரெம்பர் வேட்டை மாதம். கிழவர் ஒருவர் பின்கதவால் 'கெம்ஸே' கொண்டுவருவார். பாறைச் சரிவுகளில் திரியும் ஆட்டுச் சாதி அது.

அந்தமுறை வந்ததில் முதுகிறைச்சி முழுவதும் இரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. வெட்டி எறிந்தோம். கிழவருக்கு வெட்கம். பள்ளத்தில் நின்றதை மேலிருந்து சுட்டாராம். சன்னம் உயரப் பட்டு, காயத்தோடு ஓடியதை நாயை விட்டுத் தேடிப் பின்னேரம்தான் கண்டாராம். "குறியைத் தாழ்த்த மறந்துபோனேன்" என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. கீழ்நோக்கிச் சுட்டால் தாழ்த்துவதென்றால், மேல்நோக்கிச் சுட்டால் உயர்த்தத்தானே வேண்டும்? சைக்கிளில் ஏற்றம் மிதித்த புத்தி. (யாழ்ப்பாணத்தில் ஏற்றமென்று சொல்லப் பாலங்கள்தான் இருந்தன.) கிழவர் தலையாட்டினார். இரண்டுக்கும் தாழ்த்தத்தான் வேண்டுமாம்.

ஓடர் துண்டின் பின்புறத்தில் கீறிப் பார்த்தோம். பல்கலைக்கழகப் பௌதிகம் எங்களுக்கு இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. ஆனால் இது உயர்தரத்தில் செய்த சாய்தளக் கணக்குத்தான். சன்னம் எவ்வளவு விழும் என்பதற்குச் சரிவுவழித் தூரத்தைவிடக் கிடைத்தூரமே முக்கியம். 40 பாகைச் சரிவில் 200 மீற்றரில் நிற்கும் மிருகத்துக்குக் கிடைத்தூரம் 153 மீற்றர். 200க்கென்று பிடித்தால் சூடு உயரப் போகும். கோசைனுக்கு மேல் என்ன, கீழ் என்ன! அங்கத்தைய வேட்டைத் துவக்கு வேறு 10 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வாயுடையது. பாரமான, வேகம் குறைந்த சன்னம் கூட விழும். பிழையும் கூடத் தெரியும்.

கிழவர் துண்டைப் பார்த்துச் சிரித்தார். பிறகு இன்னொன்று சொன்னார். மேலிருந்து சுடும்போது சன்னம் உடலைச் சரிவாகத் துளைக்கும். எங்கே படும் என்பதோடு, எந்த வழியால் வெளியேறும் என்றும் பார்க்க வேண்டுமாம்.

அதுவரை பேசாமல் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். 1990இல் ஹெலிச் சூட்டில் தகப்பனை இழந்தவன்.

"அப்ப ஹெலியிலயிருந்து சுட்டவங்களும் தாழ்த்தித்தான் பிடிச்சிருப்பாங்களோ, அண்ணை?"

"அது ஓடிக்கொண்டெல்லோ சுடுறது. அந்தக் கணக்கு வேற" என்றோம். அதைச் செய்துபார்க்கத் துண்டில் இடமிருந்தது. செய்யவில்லை.

என்ன கதைக்கிறீர்கள் என்று கிழவர் டொச்சில் கேட்டார். சமையல் விசயம் என்றோம்.